முன்வரிசையில் ஒரு டிரம்ஸ்

மேடையில் டிரம்ஸுக்கு வழக்கமாகப் பின்வரிசைதான். சிகாகோவின் விட்னி குழுவில் அது முன்னால், பார்வையாளர்களுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதை வாசிக்கும் ஜூலியன் எர்லிக்தான் குழுவின் பாடகரும். இந்தக் குழுவின் மொத்த பலமும் அந்த ஒரு இருக்கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எர்லிக்கும் கிதார் கலைஞர் மேக்ஸ் ககாசெக்கும் ஸ்மித் வெஸ்டர்ன்ஸ் என்ற ராக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். அது கலைந்த பிறகு பிறந்தது விட்னி. முதல் ஆல்பம் 'லைட் அப்பான் தி லேக்' 2016-இல் வந்தது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய அரை மணி நேரம். 1970-களின் சாஃப்ட் ராக், கன்ட்ரி, சோல் மூன்றும் கலந்த இசை. இளவெயிலில் உட்கார்ந்திருப்பது போன்ற சுகம். வரிகளுக்குள் போனால் காதல் முறிந்த வலி.

இதை 'ஈஸியான' இசை என்று ஒதுக்குகிறவர்கள் எர்லிக்கின் கைகளைக் கவனிக்க வேண்டும். அவர் பாடுவது ஃபால்செட்டோ, அதாவது இயல்புக் குரலை விட்டு மேலே ஏறிப் பாடும் மெல்லிய குரல். குரல்நாண்கள் முழுதாக ஒட்டாததால் காற்று வீணாகும். மூச்சு சீக்கிரம் தீரும். அதோடு இரண்டு கையும் இரண்டு காலும் வேறு வேறு வேலை செய்கின்றன. பாடும் மைக்கோ ஸ்நேர் டிரம்முக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஓங்கி அடித்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறிக் குரலை விழுங்கிவிடும். அதனால் குச்சியை அடக்கித்தான் பிடித்தாக வேண்டும், காலப்பிரமாணமும் நழுவக் கூடாது. வேகமாக வாசித்துக் கைதட்டல் வாங்குவதைவிட இது கடினம். 'நோ வுமன்' பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸே இல்லை. குரலைத் தனியே நிற்க வைத்துவிட்டுத் தாளம் பிறகுதான் வந்து சேர்கிறது. எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்தவரின் வாசிப்பு அது.

இந்த மரபில் முன்னோர் உண்டு. தி பேண்ட் குழுவின் லெவன் ஹெல்ம், ஈகிள்ஸின் டான் ஹென்லி இருவரும் வாசித்துக்கொண்டே பாடியவர்கள். கார்ப்பென்டர்ஸின் கேரன் கார்ப்பென்டரை மட்டும், டிரம்ஸுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார் என்று எழுப்பி முன்னால் நிறுத்தினார்கள். விரும்பி வாசித்த வாத்தியத்திலிருந்து அப்படி ஒரு கலைஞரைப் பிரித்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். விட்னி பாடகரை எழுப்பவில்லை, டிரம்ஸையே முன்னால் கொண்டுவந்துவிட்டது.

சறுக்கலும் உண்டு. 2019-இல் வந்த 'ஃபாரெவர் டர்ன்ட் அரவுண்ட்' அழகுதான், ஆனால் முதல் ஆல்பத்தின் அடிச்சுவட்டை விட்டு விலகத் தயங்குகிறது. 2022-இன் 'ஸ்பார்க்' எதிர்த்திசையில் போய், சிந்தசைசரையும் பளபளப்பான பாப் ஒலியையும் நம்பியது. துணிச்சல் பாராட்டத்தக்கது. ஆனால் பாடுகிறவரின் மூச்சும் தாளமும் ஒரே உடம்பிலிருந்து வருகிற அந்த நெருக்கம் அதில் மங்கிவிட்டது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 2016 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'கோல்டன் டேஸ்' பாட்டின் மேடை வீடியோ ஒன்றைப் பாருங்கள். விட்னியின் முழுத் திறமையும் மேடையில்தான் தெரியும்.