நீடில் லைன்

என் கைப்பேசியில் தேங்காய்த் துருவியின் படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அதன் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கு தளர்ந்த நாட்களில், கைப்பேசி கேமராவின் மேல் கவ்வி வைக்கிற சின்ன மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கினேன். வெளியே போக முடியாத காலம். வீட்டிலுள்ள பொருட்களையே மிக நெருங்கிப் படமெடுத்துப் பழகுங்கள் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். துருவி, மாவுச் சல்லடை, இட்லித் தட்டின் குழிகள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, அஞ்சறைப் பெட்டியின் கடுகு என்று ஆரம்பித்தேன். வீட்டிலுள்ள பொருட்கள் என்றதும் என் கை எங்கே போயிற்று என்று அப்போது யோசிக்கவில்லை. அதே வீட்டில் ஸ்குரூ டிரைவரும் ஷேவிங் பிரஷும் இருந்தன.

மேக்ரோ என்று கறாராகச் சொன்னால், பொருளின் அளவும் கேமராவுக்குள் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 1:1 என்று எழுதுவார்கள். என் கிளிப் லென்ஸுக்கு அந்தக் கறார் எல்லாம் கிடையாது. ஆனால் சிக்கல் ஒன்றுதான்: அவ்வளவு நெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிக மிகக் குறைவு. சீரகத்தின் முன் விளிம்பு துலங்கினால் பின் விளிம்பு பனியில் கரைந்துவிடும். மூச்சு விட்டால் படம் ஆடும். இதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் ஒரே பொருளை ஆழம் மாற்றி மாற்றி இருபது முப்பது முறை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. இரவு பத்து மணிக்கு மேல், அடுப்பைத் துடைத்த பிறகு, அகராதித் தொகுதிகளை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். டியூப் லைட்டின் கூர்மையைத் தணிக்க எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் வெள்ளை பனியன் ஒன்றைக் கிழித்துக் குறுக்கே கட்டியிருந்தேன். திருப்பூரில் எந்த வீட்டிலும் அதற்குப் பஞ்சமில்லை. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. என் கலை அந்த 299க்குப் பிறகு தொடங்கியது.

படங்களைத் தோழிகளுக்கு அனுப்பினேன். தோசைக்கல்லைப் பார்த்து நிலா என்றார்கள். அலுமினியச் சட்டியின் கீறல்களை ஆற்றுப்படுகை என்றார்கள், கம்பி நாரைப் பொன் காடு என்றார்கள். பூரித்துப்போனேன். நான் கவிதை எழுதுகிறவள்; உவமைக்கு மயங்குவேன். ஒரு மாதம் கழித்துத்தான் உறுத்த ஆரம்பித்தது. ஒருவர்கூடத் தோசைக்கல்லைத் தோசைக்கல் என்று பாராட்டவில்லை. சமையலறைப் பொருள் ஒன்று அழகாக வேண்டுமென்றால் அது சமையலறையை விட்டு வெளியேறி நிலாவாகவோ மலையாகவோ ஆகியாக வேண்டும்போல. பெண்ணைப் புகழ்கிற வழியும் இதுதானே. முகத்தை நிலா என்று சொல்லிவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு முன்னோர் வரிசை உண்டு. எட்வர்ட் வெஸ்டனின் குடைமிளகாய்ப் படத்தை எல்லாப் புகைப்பட வகுப்பிலும் காட்டுவார்கள். 1930 ஆகஸ்டில் நான்கே நாட்களில் முப்பதுக்குக் குறையாத மிளகாய் நெகட்டிவ்களை எடுத்தார். கடைசியில் ஒரு பெரிய தகரப் புனலின் வாய்க்குள் மிளகாயை வைத்ததும் அவர் தேடிய ஒளி கிடைத்தது. 'மிளகாய் எண் 30' என்று பெயர் பெற்ற அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதுகு, தோள், தழுவிக்கொண்ட இரண்டு உடல்கள் என்று சொல்லாமல் இருப்பதில்லை. அது சும்மாவும் வருவதில்லை. அதே வெஸ்டன் பெண்ணுடலைத் தலையின்றி, முகமின்றி, வளைவுகளாக மட்டும் எடுத்திருக்கிறார். மிளகாயைப் பெண்ணாகவும் பெண்ணை மிளகாயாகவும் பார்க்க ஒரே கண் போதுமானதாக இருந்திருக்கிறது. படமெடுத்த மிளகாய்களைப் பிறகு சாப்பிட்டதையும் அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அரிந்து வைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

அதே காலத்தில், அதே கலிஃபோர்னியாவில், இமோஜன் கன்னிங்ஹாம் மூன்று மகன்களை வளர்த்துக்கொண்டு தோட்டத்துச் செடிகளை நெருங்கி நெருங்கி எடுத்தார். பின்னால் இரண்டு பேர் இரட்டையர். ஸ்டுடியோவை விட்டுக் குழந்தைகளோடு வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது தோட்டம். 1925இல் எடுத்த மக்னோலியாப் பூவின் மையம் அப்படி வந்தது. கலை வரலாறு இதை நவீனத்துவத்தின் தூய வடிவத் தேடல் என்கிறது. இருக்கட்டும். குழந்தை அழும் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் என்ன கிடைக்குமோ அதை எடுத்தாள் ஒருத்தி என்றும் நாம் படிக்கலாம். நெருக்கம் சிலருக்குத் தேர்வு. சிலருக்கு அதைத் தவிர வேறு தூரம் தரப்படவில்லை.

ஓவியராகப் பயின்று புகைப்படத்துக்கு வந்த ஜேன் குரூவர் 1970களின் இறுதியில் தன் சமையலறைத் தொட்டியில் முள்கரண்டி, கத்தி, தட்டு, செடியின் இலை இவற்றைப் போட்டு வண்ணத்தில் எடுத்த தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். எது எங்கே முடிகிறது, எது எதில் பிரதிபலிக்கிறது என்று சொல்ல முடியாது. நிலாவென்றும் காடென்றும் சொல்ல அவர் இடம் தரவில்லை; கரண்டி கரண்டியாகவே சிக்கலாகிறது. ஆனாலும் அந்தத் தொட்டியில் எச்சில் இல்லை. கழுவி முடித்த பின்னும் கழுவத் தொடங்கும் முன்னும் உள்ள, யாருடையதுமில்லாத ஒரு நேரம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1975இல், மார்த்தா ரோஸ்லர் ஆறு நிமிட வீடியோ ஒன்றை எடுத்தார். சமையலறைக் கருவிகளை ஆங்கில அகர வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பெயர் சொல்லிக் குத்திக் காட்டுவார், வீசிக் காட்டுவார். அழகு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கை இருக்கிறது. கையோடு கோபம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது என் துருவிப் படங்களின் குறை எனக்குப் பிடிபட்டது.

நம் பக்கம் வந்தால் சுபோத் குப்தாவின் எவர்சில்வர் பாத்திரங்கள். பக்கெட்டும் தூக்குவாளியும் சேர்ந்து பிரம்மாண்டமான மண்டையோடாக 2006இல் நின்றன. அது மேக்ரோ இல்லைதான், ஆனால் அதே ஆசை: சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவது. அந்தப் பளபளப்பில் எனக்கு ஒட்டவில்லை. தேய்த்தவள் இல்லாமல் எவர்சில்வர் பளபளக்காது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒருவர் வருகிறார். பொன் காடு என்று பாராட்டு வாங்கிய அந்தக் கம்பி நாரை நான் படமெடுத்த அளவுக்குத் தேய்த்ததில்லை. இதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்ணின் உழைப்பு, பெண்ணின் வெளி என்று பன்மையில் பேசும்போது அந்தப் பன்மைக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்பது வசதியாக மறைந்துவிடும். படத்தில் பின் விளிம்பு கரைவது மாதிரி.

உருப்பெருக்கிக்கும் துணிக்கும் பழைய உறவு உண்டு. 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா'வில் அவர் முதலில் பார்ப்பது ஊசி முனை, அடுத்துச் சவரக்கத்தியின் விளிம்பு, அதற்கடுத்து மெல்லிய லினன் துணி, பிறகு பட்டு. வீட்டுப் பொருட்களை நெருங்கிப் பார்த்து எழுதிய பெரும் புத்தகம் ஊசியில்தான் தொடங்குகிறது. கூர்மை என்று நாம் நம்பும் ஊசி முனை லென்ஸின் கீழ் மழுங்கி, கரடுமுரடாகத் தெரிந்ததை அவர் எழுதுகிறார். நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹுக் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி. இழை எண்ணிப் பார்க்க லென்ஸ் பிடிக்கிற தொழில் அது. திருப்பூரில் துணிச் சோதனை மேசைகளில் இன்றும் மடக்குக் கண்ணாடி கிடக்கிறது. ஒரு அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுவார்கள். மேக்ரோ எனக்குத்தான் புதிது, என் ஊருக்கு இல்லை.

என் அம்மாவுக்கு நிச்சயமாக இல்லை. இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங். கைமடித்தலில் சேர்ந்து, பிறகு டேமேஜ் பார்க்கப் போய், அங்கிருந்து செக்கிங் மேசை. டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடி ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் திருப்பி ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம், பிசிறு எல்லாம் பார்க்க வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரியும் நிற்க வேண்டும். அந்தக் கண் சம்பாதித்த காசில்தான் நான் முனைவர் பட்டம் வரை படித்தேன். ஒருநாள் ரிஜெக்ட் பனியன் துணியையே மேக்ரோவில் எடுத்திருந்தேன். கண்ணிகள் வரிசை வரிசையாக, நடுவே மேலிருந்து கீழாக மெல்லிய ஒரு பிளவு. வறண்ட நொய்யல் மாதிரி இருக்கிறது என்று நானே மனதுக்குள் உவமை செய்து வைத்திருந்தேன். அதைக் கணினித் திரையில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இதென்ன கண்ணு, நீடில் லைன் விழுந்த துணியப் போய்ப் படம் புடிச்சு வெச்சிருக்கறே?"

நிட்டிங் மெஷினில் ஒவ்வொரு ஊசியும் துணியின் நீளத்துக்கும் ஒரு வரிசைக் கண்ணியைப் பின்னிக்கொண்டே போகும். ஒரு ஊசி வளைந்தாலோ தேய்ந்தாலோ அந்த ஒரு வரிசை மட்டும் கோடாக விழும். "ஊசியப் பாக்காம ஓட்டிப்போட்டாங்க. ரோலு பூராவும் இப்படித்தான் வந்திருக்கும்," என்றார். ஒரு கோட்டிலிருந்து வளைந்த ஊசிக்கும், ஊசியிலிருந்து கவனிக்காத ஆளுக்கும், அங்கிருந்து வீணாய்ப்போன துணிக்கும் போய்விட்டார். நான் நொய்யலுக்குப் போயிருந்தேன். இதை அம்மாவின் வெகுளித்தனம் என்று கதையாகச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு; நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். இப்போது எனக்கு அதுதான் நான் கேட்ட மிகச் சரியான படவிமர்சனம். அம்மாவின் நெருக்கப் பார்வை பொருளை உலகத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. எந்தக் கையில், எந்த மெஷினில் அது தப்பிற்று என்று தேடிக்கொண்டு போகிறது.

சங்கக் கவிதை கற்பிக்கிறவளுக்கு இந்த இடத்தில் குறுந்தொகை 167 நினைவுக்கு வராமல் போகாது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் இல்லறம் தொடங்கியவள் தயிர் பிசைந்த விரல், அந்த விரல் பட்டும் துவைக்காமல் உடுத்திய துணி, தாளிப்புப் புகை ஏறிய கண் என்று ஒவ்வொன்றாக நெருங்கிக் காட்டும் பாட்டு அது. கணவன் ரசித்துச் சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்வதில் முடிகிறது. வகுப்பில் இதை இல்லறத்தின் இனிமை என்று நெடுங்காலம் நடத்தினேன். அவள் வாய் திறப்பதில்லை. மகளின் வீட்டைப் பார்த்துவந்த செவிலி தாயிடம் சொல்கிறாள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் கவிதையில் தயிருக்கு விரல் இருக்கிறது, துணிக்குக் கறை இருக்கிறது, புகைக்குக் கண் இருக்கிறது. கையை வெட்டிவிட்டுத் தயிரை மட்டும் அது காட்டவில்லை. என் படங்களைவிட அது நேர்மையானது.

2023இல் என் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டுப் பொருள் ஒன்றை மிக நெருக்கத்தில் படமெடுத்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பாதிப் பேர் மாலையில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், அல்லது அம்மா போகிறவர்கள். விளக்குமாற்றின் குச்சிகள், பிளாஸ்டிக் குடத்தின் பாசி, மண்ணெண்ணெய் அடுப்பின் திரி என்றெல்லாம் வந்தன. ஒரு பெண், வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிறு வெட்டும் டிரிம்மரை எடுத்திருந்தாள். பீஸ் கணக்கில் காசு கிடைக்கிற வேலை. படத்தில் டிரிம்மர் மங்கலாக இருந்தது, பனியனின் லேபிளும் மங்கல். டிரிம்மரின் வளையத்தில் அழுந்திய கட்டைவிரலின் காய்ப்பு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. தோலின் வெடிப்புக்குள் நீல நிறப் பஞ்சுத் துகள்.

"ஃபோகஸ் தவறிடுச்சேம்மா, டிரிம்மர் தெரியலையே" என்றேன்.

"இல்லீங்க மேடம். டிரிம்மர் எல்லாரு வீட்டுலயும் ஒண்ணாத்தான் இருக்குமுங்க. எங்கம்மா வெரலு அப்படி இல்லீங்க."

அன்றிரவு என் படங்களை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். அறுநூற்றுச் சொச்சம். மனிதக் கை இருந்தவை நான்கு. அதில் இரண்டு தவறி விழுந்தவை. நகத்தில் மாவு ஒட்டியிருக்கிறது என்று அழிப்பதற்காகக் குறித்து வைத்திருந்தேன். பாத்திரம் தேய்ப்பவரின் கை ஒன்றில்கூட இல்லை. ஃபோகஸ் தவறியது யாருடைய படத்தில் என்று அந்தப் பெண்ணிடம் திரும்பப் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சொன்னேன். அவள் சங்கடப்பட்டுச் சிரித்தாள். மதிப்பெண் மாற்றுவீர்களா என்று கேட்டாள். மாற்றினேன்.

கையைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. காய்த்த விரலைப் பார்த்து உச்சுக்கொட்டவும் ஒரு சந்தை உண்டு. ஏற்றுமதிக் கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்களில் சிரிக்கும் தொழிலாளிப் பெண்ணின் கை வந்துகொண்டுதான் இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பவரிடம் உங்கள் கையை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க, வேற நல்லதா ஏதாவது எடுங்க" என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எடுக்கவில்லை.

போன மாதம் அம்மா லென்ஸைக் கேட்டு வாங்கினார். கண்புரை எடுத்த பிறகும் அவருக்குக் கிட்டப் பார்ப்பது சிரமம். கேஸ் அடுப்பு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாய் எரிகிறது, எந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று தெரியவில்லை, இதை உன் போனில் பெருசாகக் காட்டு என்றார். பர்னரைக் கழற்றிப் பனியன் துணியின் மேல் வைத்தேன். அம்மா அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார், நான் எடுத்தேன். திரையில் வைத்து எண்ணினோம். 11 ஓட்டைகள் அடைத்திருந்தன. அம்மா சேலைத் தலைப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தினார்.