கண்டெடுத்தவர் யார்? ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் அச்சேறிய வரலாறு குறித்துச் சில கருத்துகள்

ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ வெளிவந்த கதையை இலக்கிய மாணவர் பலரும் அறிவர். பதிப்பாளர்கள் திருப்பியனுப்பிய கையெழுத்துப்படியைக் கல்லில் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற நண்பர் பூர்ணாவுக்கு அவர் எழுதினார். நண்பரோ அதனைக் கிரஹாம் கிரீனிடம் சேர்ப்பித்தார். கிரீனின் பரிந்துரையால் 1935இல் இலண்டன் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் நூலை வெளியிட்டது. இச்செய்திகள் உண்மையே. ஆயினும், ஆங்கிலப் புரவலர் ஒருவர் இந்திய எழுத்தாளரைக் ‘கண்டெடுத்தார்’ என்னும் முடிவுக்கே இவை கற்போரை இட்டுச் செல்கின்றன. அம்முடிவு மறுஆய்வுக்குரியது எனக் கருதுகிறோம்.

1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில், பாட்டியார் குறித்துத் தந்த நல்ல நேரத்தில், பெங்களூரில் நாராயண் எழுதத் தொடங்கினார். மால்குடி என்னும் ஊர் தன் சிறு புகைவண்டி நிலையத்தோடு அன்றே அவர் மனத்தில் உருக்கொண்டதைத் தம் தன்வரலாற்றில் (1974) அவரே பதிவு செய்துள்ளார். எனவே கிரீனின் கைக்கு வந்தது முழுமை பெற்ற படைப்பு. அதன் மதிப்பை அவருக்கு முன்பே உணர்ந்தவர் பூர்ணா. நண்பரின் சொல்லை மீறிய அவரையே இந்நாவலின் முதல் திறனாய்வாளர் எனலாம்.

பதிப்பின் விலை பெயரிலும் தலைப்பிலும் தெரிகிறது. நாராயணசுவாமி என்னும் பெயர், கிரீனின் யோசனைப்படி நாராயண் எனச் சுருங்கியது. ஆசிரியர் பெயரிலிருந்து நீங்கிய ‘சுவாமி’ நூலின் தலைப்பில் நிற்பது ஒரு வேடிக்கை. ‘சுவாமி, தி டேட்’ என்பதே ஆசிரியர் முதலில் இட்ட தலைப்பு. டேட் என்பது ஆங்கிலப் பந்துவீச்சாளர் ஒருவரின் பெயர். தோழர்கள் சுவாமிக்குச் சூட்டிய பட்டப்பெயர். கிப்ளிங்கின் ‘ஸ்டாக்கி அண்ட் கோ’வை நினைவூட்டும் புதிய தலைப்பு ஆங்கில வாசகருக்கு எளிதில் பிடிபடும் என்பதே மாற்றத்தின் நோக்கம். விற்பனை நோக்கில் இது பொருந்தலாம். திறனாய்வு நோக்கில் திசைதிருப்புவதாகும். கிப்ளிங்கின் பள்ளி பேரரசின் அலுவலர்களை உருவாக்குகிறது. சுவாமியோ அந்நியத் துணி எரியும் தீயில் தன் தொப்பியை எறிகிறான். 1930இன் கிளர்ச்சியில் பள்ளிச் சன்னல்களை உடைக்கிறான். அச்செயலில் கொள்கையைவிடச் சிறுவனுக்குரிய கிளுகிளுப்பே மிகுதி. ஆசிரியரின் நகைச்சுவை அங்கேதான் இயங்குகிறது. புதிய தலைப்பு இந்நாவலை அது சேராத வரிசையொன்றில் நிறுத்திவிட்டது.

அச்சேறியதும் இடர் தீர்ந்ததா எனின், இல்லை. நூல் போதிய அளவு விற்கவில்லை. அதே பதிப்பகம் அடுத்த நாவலை ஏற்கவில்லை. ‘தி பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ 1937இல் நெல்சன் வழியாகக் கிரீனின் முன்னுரையுடனும், ‘தி டார்க் ரூம்’ 1938இல் மேக்மில்லன் வழியாகவும் வந்தன. மூன்று நாவல்கள், மூன்று பதிப்பகங்கள்! முல்க் ராஜ் ஆனந்தின் முதல் நாவலான ‘அன்டச்சபிள்’ நூலும் பல மறுப்புகளுக்குப் பின், அதே 1935இல், ஈ.எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையுடனேயே வெளிவந்தது. குறை தனி ஒருவரது எழுத்தில் இல்லை என்பதற்கு இது சான்றாகும். இந்தியரின் ஆங்கில நாவலுக்கு இலண்டனில் ஒரு பிணையாளர் தேவைப்பட்டார்.

கிரீனின் பெருந்தன்மையைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று. 1956 வரை நேரில் காணாத ஒருவருக்காக அவர் இருபதாண்டுகள் கடிதம் வழியே துணைநின்றார். ஆயின், அத்துணையை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பதை நாராயண் உணர்ந்திருந்தார் போலும். போர்க்காலத்தில் இலண்டனுடனான தொடர்பு நலிந்தபோது, 1940களில் மைசூரில் ‘இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்’ என்னும் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். தம் முதல் நூல்களைத் தாமே பொருள் செலவிட்டு அச்சிடும் நம் வட்டார எழுத்தாளர்க்குத் தேம்ஸ் ஆற்றுக் கதையைவிட இப்பகுதியே நெருக்கமானது. பாடநூல் முன்னுரைகள் ஏனோ இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.