வால்வெள்ளியின் பிரகாசத்தை எவ்வளவு நம்பலாம்?

1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பிய வானத்தில் எரிநட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் பொழிந்தன. பியேலா என்ற வால்வெள்ளியின் பாதையைப் பூமி குறுக்கிட்ட இரவு அது. சுமார் 6.6 ஆண்டுக்கு ஒரு தடவை சூரியனைச் சுற்றிவந்த பியேலா, 1846இல் இரண்டாகப் பிளந்து காணப்பட்டு, 1852க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல் மறைந்திருந்தது. அது பூமியை ஒட்டிக் கடந்துபோயிருக்கும், தென்வானில் சென்டாரஸ் விண்மீன்கூட்டத்தின் பக்கம் தேடிப்பாருங்கள் என்று ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்ஃபூஸ், சென்னை வானாய்வகத்தை நடத்திவந்த நோர்மன் பொக்சனுக்குத் தந்தியடித்தார். பொக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு விடியல்களில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு இடம் குறித்தார். பிறகு சென்னை வானத்தை மேகமும் மழையும் மூடிக்கொண்டன. அந்த வால்வெள்ளியை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு சுற்றுப்பாதையைத் தீர்மானிக்க ஆறு எண்கள் தேவை. ஓர் இடக்குறிப்பு தருவது இரண்டு எண்கள் மட்டுமே. ஆகவே குறைந்தது மூன்று குறிப்புகளாவது வேண்டும். பொக்சனிடம் இருந்தவை இரண்டு. அவர் கண்டது பியேலாவாக இருக்க முடியாது என்பது பின்னால் கணித்துப் பார்த்தவர்களின் முடிவு. அது எதுவென்பதற்கு இன்றும் விடை கிடையாது.

இதே பொக்சன்தான் நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகமே கையாளும் அளவுகோலை 1856இல் முன்வைத்தவர். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். படி எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். வால்வெள்ளியைத் தொடரும் கலையின் இரு பாதிகளான இடமும் பிரகாசமும் இப்படி ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்திக்கின்றன. ஆனால் இவ்விரண்டும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல. இடக்குறிப்பில் நேரும் பிழை தானாக வெளிப்பட்டுவிடும், பிரகாசக் குறிப்பில் நேரும் பிழை தன்னை மறைத்துக்கொள்ளும். பிரகாசத்தைப் பற்றிய முன்னறிவிப்புகள் திரும்பத் திரும்பப் பொய்த்துப்போவதற்கு வால்வெள்ளியின் குணம் பாதிக் காரணம்தான். மீதி நாம் அதை அளக்கும் விதத்தில் இருக்கிறது.

இடக்குறிப்பு ஏன் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது? பல இரவுகளின் குறிப்புகள் அனைத்தும் ஒரே பாதையில் பொருந்தியாக வேண்டும். பிழையான குறிப்பு அந்தப் பாதையிலிருந்து விலகி நிற்கும், கணிப்பவர் அதை நீக்கிவிடுவார். விலகல் நீக்க முடியாததாகத் தொடர்ந்தால் அதுவே புதிய அறிவாகிவிடுகிறது. ஹேலி வால்வெள்ளி 1759 ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியனை நெருங்கும் என்று கிளெரோ, லலாந்து, நிக்கோல் லெபோட் ஆகிய மூவரும் கையால் கணித்து, ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அது மார்ச் 13ஆம் திகதி வந்தது. என்கே வால்வெள்ளியின் சுற்றுக்காலம் சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் குறைவதை யோகான் என்கே கண்டார். விண்வெளியில் ஏதோ ஓர் ஊடகம் அதைத் தடுக்கிறது என்று அவர் கருதினார். பனிக்கருவிலிருந்து பீறிடும் வாயுவே அதைத் தள்ளுகிறது என்று 1950இல் பிரெட் விப்பிள் விளக்கினார். என்கேயின் விளக்கம் வீழ்ந்தது, அவர் தந்த எண் நின்றது. இடக்குறிப்பிலும் குறை உண்டு: ஒளிமூட்டத்துக்குள் கரு மறைந்திருப்பதால், நாம் குறிக்கும் நடுப்புள்ளி உண்மையான நடுவிலிருந்து சற்று நகர்ந்திருக்கலாம். ஆனாலும் அடுத்தடுத்த இரவுகள் அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரகாசத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. பூமியிலிருந்து வால்வெள்ளி இருக்கும் தூரத்தின் இருமடிக்கேற்ப அதன் ஒளி குறையும், இதில் ஐயமில்லை. சூரியனுக்கு உள்ள தூரத்தின் எத்தனையாம் மடிக்கேற்ப என்பதுதான் சிக்கல். வழக்கமாக நான்காம் மடி என்று கொள்கிறார்கள். தூரம் பாதியானால் ஒளி பதினாறு மடங்காகும். ஆறாம் மடி என்றால் அறுபத்து நான்கு மடங்கு. எது சரி என்பதை ஆரம்பக் குறிப்புகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது, பிழை அங்கேதான் நுழைகிறது. ஒளி பரந்து கிடக்கும் வால்வெள்ளியைப் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்தோடு ஒப்பிட, நட்சத்திரத்தைக் குவியம் கலைத்து அதே அளவு மங்கலாக விரியவிட்டு, இரண்டில் எது பிரகாசம் என்று கண்ணால் தீர்மானிப்பார்கள். எளிமையும் நுட்பமும் சேர்ந்த முறை. ஆனால் பெரிய தொலைகாட்டியில் வால்வெள்ளி மங்கலாகவும் சிறிய பைனாகுலரில் பிரகாசமாகவும் மதிப்பிடப்படுவது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. மங்கலாக இருக்கும்போது எல்லோரும் பெரிய தொலைகாட்டியை நாடுகிறார்கள், பிரகாசம் கூடியதும் பைனாகுலருக்கு மாறுகிறார்கள். வால்வெள்ளி தன்பாட்டில் வளர்ந்த பிரகாசத்தோடு கருவி மாறியதால் வந்த பிரகாசமும் சேர்ந்துகொள்கிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். வால்வெள்ளி ஒன்று சூரியனிலிருந்து 2 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) தூரத்திலிருந்து 1.4 அலகுக்கு வருகிறது. உண்மை நான்காம் மடி என்று வைத்தால் அதற்குள் ஒளி ஒன்றரைப் படி கூடியிருக்க வேண்டும். கருவி மாற்றம் அதோடு அரைப் படியைச் சேர்த்தால் மடி எண் 5.3 என்று வரும். என்கே போல 0.34 அலகு வரை நெருங்கும் வால்வெள்ளிக்கு இதை நீட்டிப் பார்த்தால், முன்னறிவிப்பு ஏறத்தாழ இரண்டரைப் படி, அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு, மிகையாகிவிடும். அரைப் படிப் பிழை கண்ணால் மதிப்பிடுவோரிடையே சாதாரணம்; அது இப்படிப் பெருகிச் செய்தித்தாளுக்குப் போகிறது, மக்கள் விழித்திருந்து ஏமாறுகிறார்கள்.

பலருடைய மதிப்பீடுகளைச் சராசரி எடுத்தால் பிழை கரைந்துவிடாதா என்று கேட்கலாம். முன்னும் பின்னுமாகச் சிதறும் பிழை கரையும். எல்லோரும் ஒரே சமயத்தில், ஒரே திசையில் கருவி மாற்றும்போது நேரும் பிழை கரையாது. நூறு பேர் சேர்ந்தால் அது உறுதிப்பட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். இன்னொரு மறுப்பு வலுவானது. தானியங்கித் தொலைகாட்டிகள் இரவுதோறும் வானத்தை அலசும் காலத்தில் கண்மதிப்பு எதற்கு என்பது அது. இடக்குறிப்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு மறுபேச்சு இல்லை. மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி போன்ற கருவியின் வேலையைக் கண் செய்ய முடியாது. பிரகாசத்தில் நிலை வேறு. அலசும் கருவிகள் பெரும்பாலும் நடுப்பகுதியை அளக்கின்றன, வெளிவிளிம்பின் மெல்லொளி விடுபட்டுப்போகிறது. சூரியனுக்கு அருகே, அந்தி வெளிச்சத்துக்குள், அவை அதிகம் நோக்குவதில்லை. வாயுவின் பச்சை ஒளிக்கு ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு விதமாகப் பதிலளிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் குறிப்புகளோடு இன்றைய வருகையை ஒப்பிட வேண்டுமென்றால் அன்றைய கருவியான கண்ணே இன்றும் வேண்டும். ஹோம்ஸ் வால்வெள்ளி 2007 ஒக்டோபரில், சூரியனை நெருங்கிக் கடந்து ஐந்து மாதத்துக்குப் பின், இரண்டு நாளுக்கும் குறைவான நேரத்தில் சுமார் ஐந்து இலட்சம் மடங்கு பிரகாசித்தது. எந்தச் சூத்திரமும் அதைச் சொல்லியிருக்க முடியாது. அதை முதலில் கவனித்தவர் கனேரித் தீவுகளில் இருந்த ஓர் ஆர்வலர்.

ஆகவே கண்மதிப்பைக் கைவிடுவது தவறு, இப்போது பலரும் செய்யும் விதத்தில் தொடர்வதும் தவறு. எவ்வளவு அகலக் கண்ணாடி, எந்த முறை, எந்த ஒப்பீட்டு நட்சத்திரங்கள் என்று எழுதாத மதிப்பீட்டைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பேன். இரத்தினபுரி மாவட்டத்தின் கொடகவெல போன்ற ஊருக்கு இதில் இடமிருக்கிறதா? மழை அதிகமுள்ள பகுதி. இரண்டு பருவக்காற்றும் அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களும் வானத்தைப் பறித்துக்கொள்ளும். பொக்சனுக்கு நேர்ந்ததுபோல் தொடர் அறுந்துபோகும் ஆபத்து இங்கே கூடுதல். இது உண்மையான தடை. ஆர்வத்தால் மட்டும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை ஓரளவு ஓயும். வடக்கே ஆறரைப் பாகை அகலக்கோட்டில் இருப்பதால் வானத்தின் இரு பாதிகளும் ஏறக்குறைய முழுதாகத் தெரியும். சூரியனை நெருங்கும் முன் வடக்கிலும் கடந்தபின் தெற்கிலும் தோன்றும் வால்வெள்ளியை ஒரே ஆள் ஒரே கருவியால் இரு பக்கமும் பின்தொடர இங்கிருந்து முடியும். வடக்கே ஒருவரும் தெற்கே வேறொருவரும் எடுத்த குறிப்புகளை ஒட்டவைக்கும்போது வரும் பிசகு அதில் இராது.

என்கே 2027 பெப்ரவரியில் மறுபடி சூரியனை நெருங்குகிறது. அதற்கு முந்திய ஜனவரியில் அது மாலை வானில், சூரியன் மறைந்தபின் மேற்கே நிற்கும். தோட்டப் பாடசாலை ஒன்றின் உயர்தர மாணவர்கள் ஒரே பைனாகுலரால் அதைத் தொடரலாம். அது மங்கலாக இருக்கும் வாரங்களில் தொலைகாட்டியைப் பயன்படுத்த நேர்ந்தால், பைனாகுலருக்கு மாறும் நாட்களில் இரண்டு கருவிகளாலும் ஒரே இரவில் மதிப்பிட்டு, இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். கருவி சேர்த்த பிரகாசம் எவ்வளவு என்பதை அந்த இரு எண்களின் வித்தியாசமே காட்டிவிடும். மேகம் மூடிய இரவுக்கு எதிரே மேகம் என்றே எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.