அரை மணி நேரக் குடுவை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் என்னை மிகவும் கவர்ந்த பொருள், ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை. காற்றூட்டும் தொட்டியில் கொப்பளிக்கும் பழுப்பு நீரை அதில் மொண்டு, ஊழியர் 30 நிமிடம் அசையாமல் வைக்கிறார். துகள்கள் பஞ்சுபோலத் திரண்டு மெல்ல அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. படிவின் அளவைப் பார்த்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுகிறார், நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல.

அந்தப் படிவு வெறும் சேறல்ல. உயிருள்ள நுண்ணுயிர்க் கூட்டம். அதை வீசிவிடாமல் தொட்டிக்கே திருப்பி, காற்றூட்டி, கழிவைத் தின்னவைக்கும் வழியை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்தார்கள்.

கழிவு நேராக ஆற்றில் கலந்தால், நுண்ணுயிர்கள் அங்கே பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். அந்தப் பசியை ஆற்றுக்கு வெளியிலேயே, சில மணி நேரத்தில் தணித்து அனுப்புகிறது இந்தத் தொட்டி.

சமைத்து மீந்த எண்ணெயையும் ரசாயனங்களையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள்; அவை தொட்டியின் நுண்ணுயிர்களைப் பாதிக்கும். அந்த நுண்ணுயிர்கள் நம் ஆற்றுக்காக இரவு பகலாக உழைக்கின்றன.