ஜஹாங்கீர் கானின் ஆட்டத்தை ரசிப்பது எப்படி?

ஸ்குவாஷ் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரைமணி நேரத்தில் கழுத்து வலியோடும் ஒன்றும் புரியாத மனத்தோடும் எழுந்து போய்விடுகிறார்கள். முப்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தோரு அடி அகலமும் உள்ள ஓர் அறைக்குள் சுவருக்குச் சுவர் தாவும் அந்தக் கறுப்பு ரப்பர் உருண்டையைக் கண்ணால் துரத்துவது வீண் பிரயாசை. ஜஹாங்கீர் கானின் பழைய ஆட்டங்களில் ஏதாவது ஒன்றின் படப்பதிவு கிடைத்தால், பந்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, அதை அடித்த அடுத்த க்ஷணத்தில் அம்மனிதர் எங்கே போகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். தரையில் சிவப்புக் கோடுகள் கூடுகிற நடுவிடத்துக்கு, அவசரமும் ஆயாசமும் இன்றி, தம் வீட்டுத் திண்ணைக்குத் திரும்புகிறவர் போல் வந்து நின்றுகொள்வார். எதிராளியோ மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருப்பார்.

இந்த நிதானம் ஒருவருடைய சம்பாத்தியம் அன்று. பெஷாவருக்கு அருகிலுள்ள நவாகில்லி என்ற கிராமத்தின் குடும்பச் சொத்து. வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில், கூரையில்லாத மைதானத்தின் சுவரைத் தாண்டி விழும் பந்துகளை எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக இருந்து, துரைமார்கள் வெயிலுக்கு ஒதுங்கிய வேளையில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய ஹாஷிம் கான், மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில், 1951-இல் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். அதை மொத்தம் ஏழு முறை வென்றார். நடுவில் 1957-இல் அவரைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றவர் உறவினரான ரோஷன் கான். அந்த ரோஷனின் மகனே ஜஹாங்கீர்.

பிள்ளையோ குடலிறக்க நோயாளி; ஆடவே கூடாது என்றார்கள் வைத்தியர்கள். 1979-இல், பதினைந்து வயதில், அவர் உலக அமெச்சூர் பட்டம் வென்ற சில வாரங்களுக்குள், அவருக்கு வழிகாட்டியாக இருந்த அண்ணன் டார்சம் கான் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து மாண்டார். துக்கத்தில் ஆட்டத்தையே துறக்க எண்ணிய இளைஞரை உறவினர் ரஹ்மத் கான் தேற்றிப் பயிற்றுவித்தார்; இரண்டு ஆண்டுகளில் டொரான்டோவில் ஜெஃப் ஹண்டை வீழ்த்தி உலகப் பட்டம் வந்தது. 1986-இல் துலூஸ் நகரில் ராஸ் நார்மனிடம் தோற்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தோல்வியில்லை. பிரிட்டிஷ் ஓபன் பட்டங்கள் தொடர்ச்சியாகப் பத்து.

எண்ணிக்கையில் மயங்குவது ரசனையாகாது என்பது என் அபிப்பிராயம். 1983-இல் சிச்செஸ்டர் நகரில் எகிப்தியரான கமால் அவாதுடன் நடந்த ஆட்டம் இரண்டு மணி நாற்பத்தாறு நிமிஷம் நீடித்தது. முதல் பந்துப் பரிமாற்றமே ஏழு நிமிஷம். முதல் கேமை ஜஹாங்கீர் தோற்றார் என்பதையும், கடைசிக் கேமில் அவாதுக்குக் கிடைத்தவை இரண்டே புள்ளிகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடுவிடத்துக்கு ஓயாமல் திரும்பி வந்த அந்தக் கால்களின் மகிமை விளங்கும்.

ஆகவே முதல் முறை கால்களைப் பாருங்கள். இரண்டாம் முறை, வேண்டுமானால், பந்தைப் பார்க்கலாம்.