நாமும் அவர்களும்: இரட்சிப்பை இழத்தல் பற்றிய வினா — ஓர் இலக்கிய நோக்கு

கிறித்தவன் ஒருவன் தான் பெற்ற இரட்சிப்பை இழக்கக்கூடுமா என்னும் வினா இறையியலாளர்க்கே உரியது எனக் கருதி இலக்கிய மாணவர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆயின், இவ்வினாவுக்கு விடை தேடுவோர் யாவரும் ஈற்றில் ஒரு சில நூற்பகுதிகளையே எடுத்தாளுகின்றனர். ஒரு நூற்பகுதியை யார் கூறுகின்றார், யாரை நோக்கிக் கூறுகின்றார், எச்சூழலில் கூறுகின்றார் என ஆராய்வது திறனாய்வாளன் தொழிலாகும். அத்தொழிலைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. எங்கள் பகுதியில் ஒரு துக்க வீடு. இறந்தவன் பிறநாட்டிற் பல்லாண்டு வாழ்ந்தவன். தேவாலயப் பக்கமே போகாதிருந்தவன். அவனுடைய தாய், வந்திருந்தோரைப் பார்த்து, “சின்ன வயதிலேயே இரட்சிக்கப்பட்ட பிள்ளை, அது இல்லாமற் போயிருக்குமோ?” என்று கேட்டாள். அங்கிருந்த ஒருவர், இரட்சிப்பு ஒருகாலும் இழக்கப்படாது என்றும், அவன் விலகி வாழ்ந்தமை அவன் முதலிலேயே அதைப் பெறவில்லை என்பதைக் காட்டுகின்றது என்றும் கூறினார். மற்றவர், பெற்றவனும் இழப்பான், அதற்கு வேதத்திற் சான்றுண்டு என்றார். இருவர் கூற்றுக்கும் வசன ஆதாரம் இருந்தது. தாய்க்கோ இரண்டாலும் ஒரே முடிவுதான் கிட்டியது.

அவ்விருவரும் அறிந்தோ அறியாமலோ ஒரு நெடிய வரலாற்றின் வாரிசுகளாகவே பேசினர். 1618, 1619ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தின் டோர்ட் நகரிற் கூடிய சங்கம், ஆர்மீனியசின் வழிவந்தோரை மறுத்து, தெரிந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை நிலைத்திருப்பர் எனத் தீர்மானித்தது. இது கல்வின் மரபு. இதனை மறுத்து, விசுவாசி விழுந்து அழிந்துபோகவுங் கூடும் என வாதிட்டு 1751இல் ஒரு தனிச் சிறுநூலையே எழுதினார் யோன் வெஸ்லி. கத்தோலிக்க சபையும் 1547இல் திரெந்து சங்கத்தின் வாயிலாக, சாவான பாவத்தால் அருள்நிலை இழக்கப்படும் எனப் போதித்திருந்தது.

ஈழத்துக்கு 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிமார் ஒரு மரபையும், 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்கன் மிஷனரிமார் மற்றதையும் கொண்டுவந்தனர். திருகோணமலையிலோ கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பழைய சபையினர். ஆகவே, இழக்கலாம் என்னும் கொள்கையே இங்கு வேரூன்றியது; இழக்க முடியாதென்பது பிற்காலப் பிரசங்கங்கள் வழியாகவே இங்கு பரவலாயிற்று.

இவ்விரு கொள்கைகளும் தம்முள் எத்துணை முரண்படினும், ஒரு மனிதன் சபையை விட்டு விலகிய பின்னர் அவனைப் பற்றி அவை கூறுவது ஏறத்தாழ ஒன்றே. ஒன்று, ‘பெற்றிருந்தான், இழந்தான்’ என்கின்றது. மற்றது, ‘பெற்றான்போல் இருந்தான், பெறவில்லை’ என்கின்றது. வேறுபாடு அவனுடைய இறந்தகாலத்துக்கு இடும் பெயரில் மட்டுமேயுள்ளது. இரண்டும் அவனைப் படர்க்கையில் வைத்தே பேசுகின்றன. இப் படர்க்கையே நமது ஆய்வுக்கு உரிய இடமாகும்.

இத்தகைய வினா தமிழருக்குப் புதிதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல உயிர் இறைவனைப் பற்றவேண்டும் என வடகலையாரும், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல இறைவனே உயிரைத் தாங்குவான் எனத் தென்கலையாரும் வழக்கிட்டனர். சைவ சித்தாந்தத்திலும், பாசி படர்ந்த குளத்திற் கல்லெறிந்தால் பாசி விலகி மீண்டும் வந்து மூடுவதைச் சிவஞான சித்தியார் உவமையாக்குகின்றது. அரனடியை உணரும்போது அகலும் மலங்கள் பின்னும் வந்து அணுகுமாம். அதனாலேயே சிவஞானபோதத்தின் ஈற்றுச் சூத்திரமாகிய பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றவனும் அடியாரோடு கூடியிருக்கவேண்டும் என விதிக்கின்றது. பாசியின் உவமை அயலான் குளத்தை எட்டிப் பார்ப்பதற்குத் தரப்பட்டதன்று என்பதை அச்சூத்திரம் உணர்த்துகின்றது. மீண்டும் மூடும் என்று அறிந்தவன் செய்யவேண்டியது கூட்டத்தை விட்டகலாமையே.

இனி, வாதத்தின் நடுவே எப்போதும் நிற்கும் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தை நோக்குவோம். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் இல்லாத ஒரு நுட்பம் தமிழிலுண்டு. முன்னிலையாரையும் உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, அவர்களை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’ வேறு. எனவே தமிழில் மொழிபெயர்ப்போர் ஒவ்வோரிடத்திலும், பேசுவோர் கேட்போரைத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றாரா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். பவர் ஐயர் தலைமையில் 1871இல் நிறைவெய்தி இன்றும் பெருவழக்கிலுள்ள பழைய திருப்புதலில் அத்தீர்மானங்களைத் தொடர்ந்து கவனித்தால் ஓர் ஒழுங்கு புலனாகின்றது.

இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், கேட்டவற்றை விட்டு விலகிப் போகாதிருக்க எச்சரிக்கும்போது வருவது ‘நாம்’. பத்தாம் அதிகாரத்தில், உண்மையை அறிந்தபின் மனமறியப் பாவஞ் செய்தல் பற்றிய கடும் எச்சரிக்கையிலும் ‘நாம்’. ஆறாம் அதிகாரத்தில், ஒருமுறை ஒளிபெற்று மறுதலித்தவர் மீண்டும் மனந்திரும்புதல் கூடாத காரியம் என்னும் மிகக் கொடிய கூற்று வருமிடத்து மட்டும் பெயரற்ற படர்க்கைப் பன்மை. ஆனால் அக்கூற்று முடிந்து இரண்டு வசனங்கள் கழிந்ததும், ஆசிரியர் கேட்போரின் முகத்தைப் பார்க்கின்றார். அவ்விடத்து ‘நாங்கள்’, ‘உங்களிடத்தில்’ என்னும் சொற்கள் வருகின்றன; அவர்களைப் பற்றி நல்லதையே நம்புவதாகக் கூறுகின்றார். அதே அதிகாரத்தின் இறுதியிலேயே ஆன்மாவுக்கு உறுதியான நங்கூரம் என்னும் உவமையும் வருகின்றது.

அஃதாவது, அந்நிருபத்தில் எச்சரிக்கை ‘நாம்’ என்பதன்மேல் விழுகின்றது. நம்பிக்கை ‘நீங்கள்’ என்போருக்கு வழங்கப்படுகின்றது. படர்க்கையாருக்கோ முகமுமில்லை, பெயருமில்லை. கேட்போர் மந்தமானவர் என்று கடிந்துரைக்கும் இடமும் உண்டு. ஆயினும் ‘நீங்கள் விழுந்துவிட்டீர்கள்’ என்னும் தீர்ப்பு ஓரிடத்தும் இல்லை. துக்க வீட்டில் நிகழ்ந்ததோ இதன் தலைகீழ் வடிவம். பெயரற்ற படர்க்கைக்கு ஒரு பெயரும் முகமும் பொருத்தப்பட்டன. எச்சரிக்கை பிறனுக்குப் போயிற்று. உறுதி பேசியவர்களிடமே தங்கிவிட்டது.

இம்முடிவுக்குத் தடைகள் இல்லாமலில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கிருபையினின்று விழுந்தமை முன்னிலையிலேயே கூறப்படுகின்றது. ஆயின், அதைக் கூறும் பவுல் அதற்கு முந்திய அதிகாரத்தில் அவர்களைத் தம் பிள்ளைகள் என்றழைத்து, அவர்களுக்காகத் தாம் மறுபடியும் பிரசவ வேதனைப்படுவதாகச் சொன்னவர். விழுந்தமை கூறிய சில வசனங்களிலேயே அவர்களைக் குறித்துத் தாம் நம்பிக்கை கொண்டிருப்பதாகவும் சொல்கின்றார். அது புறங்கூறலன்று, நேருக்கு நேர் நின்று அழைத்தல்.

இதனினுங் கடினமானது யோவானின் முதல் நிருபம். அங்கே பிரிந்துபோனோர் கேட்போருக்கு நன்கு தெரிந்தவர்கள். அவர்கள் ‘நம்முடையவர்களாக’ இருந்ததே இல்லையெனக் கூறப்படுகின்றது. அணைக்கவேண்டிய உளப்பாட்டுச் சொல்லே இங்கு வேலியாகிவிடுகின்றது. பிளவுண்ட ஒரு சபையில் எஞ்சியிருந்தோரின் கலக்கத்தைத் தணிக்க எழுதப்பட்டது அது என்று விளக்கலாம். எனினும் அவ்வசனம் என் வாதத்துக்கு முற்றாக இணங்குவதில்லை என்பதை மறைத்தல் முறையன்று. ஒரு காயத்தின் மேலிட்ட கட்டை எல்லாக் காலத்துக்குமான அளவுகோலாக்கியதே பின்வந்தோர் தவறு என்று மட்டும் கூறலாம்.

விசுவாசத்தை விட்டோரைக் கப்பற்சேதம் அடைந்தவர்களாக உருவகிக்கும் தீமோத்தேயு நிருபம் இருவரைப் பெயர் சுட்டியே கூறுகின்றது. ஆனால் அவர்கள் தண்டிக்கப்படுவது கற்றுக்கொள்வதற்காக என்றும் சேர்த்தே சொல்கின்றது. கற்கும் வாய்ப்புள்ளவனை முடிந்துபோனவன் எனல் பொருந்தாது. மேலும், கப்பற்சேதமும் மூழ்கி இறத்தலும் ஒன்றல்ல என்பதைத் துறைமுகத்தார் எவரும் அறிவர். அவ்வுருவகத்தை ஆண்ட பவுலே மூன்றுமுறை கப்பற்சேதத்தில் இருந்தவர்.

கப்பற்சேதம் பற்றி வேதாகமத்திலுள்ள மிக விரிவான கதை அப்போஸ்தலருடைய நடபடிகளின் இருபத்தேழாம் அதிகாரத்திலுள்ளது. இருநூற்றெழுபத்தாறு பேர் கொண்ட அக்கப்பலில், ஓர் உயிருக்கும் சேதம் வராதென்று பவுல் உறுதி கூறுகின்றார். அவ்வுறுதியில் நிபந்தனை ஏதுமில்லை. பதினான்காம் இரவில் கப்பற்காரர் படகை இறக்கித் தப்பியோட முயல்கின்றனர். அப்போது அதே பவுல், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்னும் கருத்துப்படப் படைவீரரை எச்சரிக்கின்றார். கிரேக்க மூலத்தில் இங்கு நிற்பது, பிறவிடங்களில் இரட்சிக்கப்படுதலைக் குறிக்கும் அதே வினைச்சொல்.

கதையை முரணாகக் கருதுவோர் வாக்குறுதியையும் எச்சரிக்கையையும் தனித்தனிக் கோட்பாடுகளாக்கி மோதவிடுவர். கதையாகவே படிப்போர்க்கு முரண் இல்லை. படைவீரர் படகின் கயிறுகளை அறுத்தார்கள், கப்பற்காரர் தங்கினார்கள், கப்பல் உடைந்தது, அனைவரும் கரை சேர்ந்தார்கள். வாக்குறுதி நிறைவேறிய வழியே அந்த எச்சரிக்கைதான். மேலும், எச்சரிக்கையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ‘அவர்கள் போனால் அவர்கள் அழிவார்கள்’ என்றல்ல, ‘இவர்கள் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள்’ என்பதே அதன் வடிவம். ஒருவன் நீங்கினால் ஆபத்து எஞ்சியிருப்போருக்கு. நீங்கியவனைப் பற்றித் தீர்ப்புக் கூறி அமைதியடைவோருக்கு இக்கதை இடமளிக்கவில்லை.

இவ்வளவும் நம் இலக்கிய வரலாற்றிலும் சோதித்துப் பார்க்கத்தக்கது. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை, ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரத்துக்கு (1854) மறுப்பாகச் சுப்பிரதீபம் எழுதிக் கிறித்தவத்தின் சார்பில் நின்றவர், பின்னர் சைவரானார். அவருடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியான சி. வை. தாமோதரம்பிள்ளை கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து சைவத்துக்குத் திரும்பியவர்; 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தவர். எதிர்த்திசையில், வைணவராய்ப் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பனியனின் ‘மோட்சப் பிரயாண’க் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைத் தந்தார்.

முதலிருவரைச் சபை நோக்கிற் காண்போர் ‘பின்வாங்கியோர்’ என்பர். சைவ நோக்கிற் காண்போர் ‘மீண்டோர்’ என்பர். கிருஷ்ணபிள்ளைக்கு இப்பெயர்கள் இடம் மாறிவிடும். ஒரே செயலுக்கு இரு பெயர்கள். இரண்டும் படர்க்கைத் தீர்ப்புகள். இம்மூவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை அளக்கும் கருவி எந்த வரலாற்றாசிரியனிடத்தும் இல்லை. அவர்கள் எழுதியதையும் பதிப்பித்ததையும் மதிப்பிடலாம், அதற்கப்பால் உரிமையில்லை.

பனியனின் கதையிலும் இதே படிப்பினையைக் காணலாம். அவர் கல்வின் மரபினர். நிலைத்திருப்பர் என்று நம்பியவர். எனினும் இரும்புக் கூண்டிலடைபட்ட மனிதனையும், மோட்சத்தின் வாயிலருகிலிருந்தே நரகத்துக்குச் செல்லும் வழியையும் காட்டாமல் அவராற் கதை சொல்ல முடியவில்லை. கொள்கை உறுதி கூறினாலும், வழிநடப்பவனுக்கு அச்சமும் வேண்டியிருந்தது. அந்த அச்சம் வாசகன் தன்னைக் குறித்துக் கொள்ளவேண்டியது.

ஆகவே, இரட்சிப்பை இழக்கலாமா என்னும் வினாவுக்கு, அதனை யார், எந்த இடத்தில், எவ்விடத்துக்குரிய சொல்லாற் கேட்கின்றார் என்பதற்கேற்ப விடை வேறுபடும் என்பதே இந்நூற்பகுதிகளிலிருந்து நான் பெறும் முடிவு. நான் என்னை நோக்கிக் கேட்டால், இழக்கலாம் என்று அஞ்சி நடப்பதே தகும். கலங்கிய ஒருவர் என் முன்னின்று கேட்டால், உம்மைக் குறித்து நல்லதையே நம்புகிறோம் என்று கூறுதல் நிருபாசிரியர் காட்டிய வழி. மூன்றாமவனைப் பற்றிக் கேட்டால், தீர்ப்பு என்னிடமில்லை.

துக்க வீட்டில் அத்தாய் கேட்டது மகனைப் பற்றியதாயினும், அவள் எங்கள் முன்னிலையில் நின்றவள். அவளுக்குக் கொள்கை விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவனை நாங்கள் இன்னும் ‘நம்முடைய பிள்ளை’ என்கின்றோமா என்பதையே அவள் அறிய விரும்பினாள். அன்று அங்கிருந்த எவரும் அதனைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.