ஆகாயப் பந்தி

கலியாண வீட்டுச் சமையலை விமர்சனம் செய்யாத தமிழன் கிடையாது. கை கழுவிவிட்டு வாசல் பந்தலுக்கு வருவதற்குள் ரசத்தில் புளி தூக்கல், பாயசம் நீர்த்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான். ஆனால் லட்சக் கணக்கான ரூபாய் விலை போகும் விமானப் பிரயாணத்தில், பிசினஸ் வகுப்பு என்ற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் அவன் வாய் திறப்பதில்லை. வெள்ளைத் துணி விரித்த மேஜையும், கண்ணாடிக் கோப்பையும், பணிப்பெண்ணின் புன்னகையும் அவனைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. குறை சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

எனக்கு அந்தப் பயம் இல்லை. காரணம், நான் அந்த வகுப்பில் போனதெல்லாம் என்னை அழைத்தவர்கள் காசில். ஓசிச் சாப்பாட்டைக் குறை சொல்லலாமா என்று யாராவது கேட்டால், ஓசியில் வந்த புத்தகத்தைத்தானே எல்லா விமர்சகர்களும் விமர்சிக்கிறார்கள் என்று பதில் சொல்வேன்.

இந்த வகுப்பு பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1958ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் எகானமி வகுப்பு வந்தது. கட்டணத்தைக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமே நிர்ணயித்தது. அந்த வகுப்புக்கு சாண்ட்விச் மட்டும்தான் தரலாம் என்றும் ஒரு விதி இருந்தது. ஸ்காண்டிநேவியக் கம்பெனியார் சாண்ட்விச் என்ற பெயரில் ஒரு ரொட்டித் துண்டின் மேல் மாமிசமும் மீனும் காய்கறியும் குவித்து விருந்தே வைத்துவிட்டார்கள். பான் அமெரிக்கன் கம்பெனி புகார் செய்தது. 20,000 டாலர் அபராதம் விழுந்தது. இவ்வளவு மலிவான விளம்பரம் வேறு எங்கே கிடைக்கும்? எல்லாரும் ஒரே கட்டணம் வாங்கும்போது, போட்டி போடத் தட்டு ஒன்றுதான் பாக்கி. பிறகு கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சலுகைக் கட்டணத்தில் ஏறியவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று முழுக் கட்டணம் கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். 1978, 1979 வாக்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், பான் அமெரிக்கன், குவாண்டாஸ் முதலிய கம்பெனிகள் அவர்களுக்குத் திரை போட்டுத் தனி இடம் ஒதுக்கின. அதாவது, பந்தியைப் பிரிப்பதற்காகவே ஏற்பட்ட வகுப்பு இது. பந்தியைப் பிரித்தவர்கள், பிரித்த பந்திக்குள்ளாவது நியாயமாகப் பரிமாறுகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

இந்த வகுப்பில் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிய இலக்கியம் கைக்கு வந்துவிடுகிறது. கெட்டிக் காகிதத்தில் அச்சிட்ட மெனு கார்டு. கோழி எந்தப் பிரதேசத்தில் வளர்ந்தது, மீன் எந்தக் கடலில் நீந்தியது, எந்த மூலிகையோடு எத்தனை மணி நேரம் ஊறியது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரு பெயர்ச்சொல்லுக்கு நான்கு பெயரடை. இந்த நடையில் ஒரு நாவல் எழுதினால் எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தக் கார்டு சொல்லாத விஷயங்கள் இரண்டு. முதலாவது, இந்த உணவு தரையில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் பல மணி நேரத்துக்கு முன்பே சமைத்து, குளிர வைத்து, விமானத்தில் ஏற்றி, அங்கே சூடு மட்டும் பண்ணியது. விமானத்தில் அடுப்பு மூட்ட முடியாது. வெப்பக் காற்றுப் பெட்டிதான் உண்டு. தொப்பி வைத்த சமையற்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தாலும் அவர் செய்வது சூடு பண்ணுவதும் அலங்கரிப்பதும்தான். இரண்டாவது, அந்த உயரத்தில் நம் நாக்கே வேறு நாக்கு. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போன்றது. அதாவது கொடைக்கானலுக்குச் சமம். ஈரப்பசை மட்டும் பாலைவனத்துக்குச் சமம். ஜெர்மனியில் லுப்தான்சா கம்பெனிக்காக ஆராய்ச்சி செய்தவர்கள், அந்தச் சூழ்நிலையில் உப்பின் ருசி சுமார் 20 முதல் 30 சதவிகிதம் வரை மங்கிப் போகிறது என்று கண்டார்கள். 2015ல் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில், விமான இரைச்சல் இனிப்பை மழுங்க அடிக்கிறது, தக்காளி போன்றவற்றிலுள்ள சாரமான ருசியை மட்டும் எடுத்துக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இதை வைத்துப் பார்த்தால் ஆகாயத்துக்கு ஏற்ற பதார்த்தம் தக்காளி ரசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மேலை நாட்டுக் கம்பெனிகள் வெண்ணெய் தடவிய மீனையும் சர்க்கரைப் பண்டத்தையுமே விடாமல் ஏற்றுகின்றன.

ருசிக் குறைவை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. இயற்கையோடு யாரும் வழக்காட முடியாது. நான் குற்றமாகச் சொல்வது வேறு.

நாற்பது பேர் உட்காரும் பகுதி என்று வைத்துக்கொள்வோம். மெனு கார்டில் நான்கு வகை. எல்லாரும் கேட்டது எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமானால் வகைக்கு நாற்பதாக நூற்றறுபது தட்டு ஏற்ற வேண்டும். எந்தக் கம்பெனியும் அப்படி ஏற்றாது. ஏற்றினால் எடையும் விரயமும் தாங்காது. நாற்பத்தைந்து தட்டு ஏற்றினால் வகைக்குப் பதினொன்று தேறும். மீதி ஊகம். கார்டை அச்சிட்டவருக்கு இது தெரியும், ஏற்றியவருக்கும் தெரியும், வாசிக்கிற நமக்குத்தான் தெரியாது. ஆகவே ‘நான்கு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற வாக்கியம் முதலில் கேட்கப்படுகிறவருக்கு உண்மை. நடுவில் இருப்பவருக்கு அரை உண்மை. கடைசியில் இருப்பவருக்குச் சுத்தப் பொய்.

ஒரு முறை ஐரோப்பாவுக்குப் போகும் விமானத்தில், கம்பெனியின் பெயர் வேண்டாம், இதைக் கண்ணால் பார்த்தேன். பணிப்பெண் கையில் ஒரு காகிதத்துடன் வந்தாள். முதலில் ஐந்தாம் வரிசை ஜன்னலோரக் கனவானிடம் போனாள். பிறகு இரண்டாம் வரிசை. பிறகு ஏழாம் வரிசை. சதுரங்கக் குதிரை மாதிரி தாவித் தாவிப் போகிறாளே என்று யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது: அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் தங்க அட்டை, வெள்ளி அட்டை வரிசையில் கேட்டுக்கொண்டு வருகிறாள். அட்டையே இல்லாத நானும், எனக்குப் பக்கத்தில் மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டியும் கடைசி. பாட்டி சுத்த சைவம். நான்கில் ஒன்றுதான் சைவம், பனீர். அதை எதையும் சாப்பிடக்கூடிய நாலைந்து தங்க அட்டைக்காரர்கள் ஒரு மாறுதலுக்காக வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கோழியும் மீனும் மிச்சம்.

“பரவாயில்லைம்மா, ரெண்டு வாழைப்பழம் இருந்தாப் போதும்” என்றாள் பாட்டி.

அந்தப் பெண் நம் ஊர்ப் பக்கத்துப் பெண். ஆசனத்தின் அருகே மண்டியிட்டு, “பாட்டி, ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். எகானமி வகுப்பில் மிஞ்சியிருந்த ஒரு சைவப் பொட்டலத்தைப் பிரித்து, சாதம், பருப்பு, காய்கறி என்று பீங்கான் தட்டில் அழகாக வைத்துக் கொண்டுவந்தாள். பாட்டி திருப்தியாகச் சாப்பிட்டாள். பனீர் வாங்கிய கனவான்களில் ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டுத் தூங்கிப் போனார்.

இந்தச் சம்பவத்தில் உபசாரத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க்கு, ஏற்பாட்டுக்குப் பூஜ்யம். கம்பெனி சொன்ன பொய்யை அந்தப் பெண்ணின் முகம் சுமந்தது. விமான உபசாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். பணிப்பெண் சிரித்தாள், சிரிக்கவில்லை என்று அவளுக்கே மதிப்பெண் போடுகிறார்கள். எத்தனை தட்டு ஏற்றுவது, யாரை முதலில் கேட்பது என்று முடிவு செய்த உத்தியோகஸ்தர் தரையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊரில் இதற்குப் பெயர் பந்தி வஞ்சனை. பக்கத்து இலைக்கு ஜாங்கிரி, இந்த இலைக்கு இல்லை என்றால் கலியாணமே கெட்டுப் போகும். தனிப் பந்தி போடுவதைக்கூடச் சகித்துக்கொண்ட ஊர் நம் ஊர். அது நமக்குப் பெருமை அல்ல. ஆனால் ஒரு பந்தியில் உட்கார வைத்த பிறகு பேதம் கூடாது என்பதில் நம் சமையற்காரர்கள் உறுதியாக இருந்தார்கள். ஒரு முனையில் வைத்த பதார்த்தம் மறு முனை வரை வர வேண்டும். வராது என்று தெரிந்தால் அதை வாளியிலேயே எடுக்கக்கூடாது.

அடிக்கடி வருகிற வாடிக்கைக்காரருக்கு முதல் மரியாதை கொடுப்பது வியாபார தர்மம்தானே என்று சிலர் கேட்கலாம். கொடுக்கட்டும். மூட்டை அதிகம் கொண்டுபோக விடட்டும். வரிசையில் நிற்காமல் ஏற்றட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே கட்டணம் கொடுத்தவருடைய தட்டிலிருந்து எடுத்து மரியாதை செய்வது எந்தத் தர்மம்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது: விமானத்தின் எண் இரட்டைப்படையானால் முன் வரிசையிலிருந்து கேட்க வேண்டும், ஒற்றைப்படையானால் பின் வரிசையிலிருந்து. போகும்போது ஏமாந்தவர் திரும்பும்போது ஜெயிப்பார். படிக்காத கிராமத்துப் பஞ்சாயத்தாரும் ஒப்புக்கொள்ளும் நியாயம் இது.

இதைவிட நல்ல வழியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வெகு காலமாகவே, பிரயாணத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன் வேண்டிய உணவைச் சொல்லி வைக்கும் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. பெயர் ‘புக் தி குக்’. சொன்னது வரும், ஊகத்துக்கு இடமில்லை. நாளைக்கு என்ன பசிக்கும் என்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. பலகாரத்துக்கு உளுந்து ஊறப் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு கஷ்டமா?

ஆனால் பல கம்பெனிகளில் ‘விசேஷ உணவு’ என்று முன்கூட்டிப் பதிவு செய்கிறவர் ஒரு தண்டனையும் சேர்த்து அனுபவிக்கிறார். மற்றவர்களுக்குப் பதார்த்தம் ஒவ்வொன்றாக வரும். அவருக்கு எல்லாம் ஒரே தட்டில் மொத்தமாக வந்து இறங்கும். மற்றவர்களுக்கு இனிப்பு, அவருக்கு நறுக்கிய பழம். வைத்தியர் சொல்லிச் சாப்பிடுகிற நோயாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. பெயர்க் குழப்பம் வேறு. பதிவுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று ஒன்று இருக்கிறது. அது சைவம் என்று நம்பிக் கேட்டால் கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். மாட்டிறைச்சி இராது என்பதே அதன் பொருள். சைவம் வேண்டுமானால் ‘ஆசிய சைவ உணவு’ என்று கேட்க வேண்டும். வெளிநாடு போகும் பெற்றோருக்குச் சீட்டு வாங்கித் தரும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

உபசாரத்தில் நேரமும் சேர்த்தி. நம் நாட்டிலிருந்து மேற்கே போகும் நெடுந்தூர விமானங்களில் பல நடுநிசிக்குப் பின் புறப்படுகின்றன. காலை மூன்று மணிக்குக் கார்டை நீட்டி, மீனா கோழியா என்று கேட்பது விருந்தா, விசாரணையா? கத்தார் ஏர்வேஸ் போன்ற கம்பெனிகள் பிரயாணி எப்போது கேட்கிறாரோ அப்போது கொடுக்கும் முறையை வைத்திருக்கின்றன. பிசினஸ் வகுப்பில் நாம் வாங்குவது உண்மையில் தூக்கம். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த வகுப்பில் முழுதும் படுக்கக்கூடிய ஆசனத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்தே அப்படித்தான். தூங்குகிறவரை எழுப்பாமல் விடுவதும் ஓர் உபசாரம்.

இப்படியெல்லாம் அற்ப விஷயங்களைப் பிடித்துக்கொள்வதா என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெரியவரை ஞாபகப்படுத்துகிறேன். ஏர் இந்தியாவின் தலைவராக இருந்த ஜே.ஆர்.டி. டாட்டா தம் விமானங்களில் பிரயாணம் செய்யும்போதெல்லாம் குறிப்பு எழுதுவார். டீயின் நிறம் காப்பியின் நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருந்தது என்றுகூட எழுதியிருக்கிறார். 1948ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் விமானம் விட்ட அந்தக் கம்பெனிக்கு உலகத்தில் நல்ல பெயர் கிடைத்ததற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். அவர் டீயைக் குறை சொன்னது டீ போட்டவரிடம் அல்ல, நிர்வாகத்திடம். நல்ல விமர்சனத்துக்கு அதுதான் இலக்கணம்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் எழுதினார். அதில் பதார்த்தங்களின் பட்டியல் இல்லை. முகத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது. முகத்தைப் பணிப்பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையைக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளட்டும். நான்கு வகை போட்டு இரண்டைத் தருவதைவிட, இரண்டு வகை போட்டு இரண்டையும் கடைசி வரிசை வரையில் தருவது மேல். சைவத்தை மட்டும் சைவர்களைக் கேட்ட பிறகே மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதற்குப் புது விமானம் வேண்டாம், புதுச் சமையற்காரர் வேண்டாம். பந்தியின் கடைசி இலையிலிருந்து எண்ணத் தெரிந்த ஒருவர் போதும்.